அணைக்காத விளக்கு

எங்கள் வீட்டு மாருதி 800 என் பணிக்காலத்தைவிட மூத்தது. அப்பா தேவகோட்டைப் பக்கம் ஓர் உயர்நிலைப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தபோது, 1996-ஆம் ஆண்டு, சேமநல நிதியில் கடன் பெற்று வாங்கியது. குளிர்ந்த காலையில் சோக் குமிழை இழுத்துவிட்டுச் சாவியைத் திருப்ப வேண்டிய கார்புரேட்டர் வண்டி. அந்த வண்டியைச் செய்வதையே 2014-இல் நிறுத்திவிட்டார்கள். பதினைந்து ஆண்டு நிறைந்தபோது ஒருமுறையும், அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறையுமாகப் பதிவைப் புதுப்பித்து, பசுமை வரியும் கட்டி வைத்துக்கொண்டிருக்கிறோம். பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வரும் என் தம்பி அதை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னுமா?" என்பான். அப்பா பதில் சொல்லமாட்டார்.

சென்ற மார்கழியில் அந்த வண்டியை முன்னிட்டு எங்கள் வீட்டில் நடந்த ஒன்றை எழுதலாம் என்று தோன்றியது. இயந்திரங்களைப்பற்றி எழுத எனக்கு எவ்விதத் தகுதியும் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் தமிழ் இலக்கியம் படித்தவள். இருபது ஆண்டுகளாக அதையே கற்பித்துக்கொண்டிருப்பவள். இங்கே வரும் எண்களெல்லாம் ஒரு மனிதர் என் கண்முன் அளந்து காட்டியவை, அல்லது அவர் போனபின் நான் தேடிப் படித்துச் சரிபார்த்துக்கொண்டவை.

2021-இல் அம்மா இறந்தபின் அப்பா காரைக்குடிக்கு என்னிடம் வந்து சேர்ந்தார். இரண்டு பெட்டிகள், சில புத்தகக் கட்டுகள், இந்த வண்டி. கண்புரை அறுவைக்குப் பிறகு வண்டி ஓட்டுவதை அவரே நிறுத்திக்கொண்டார். ஆனால் மாலை ஆறு மணியானால் ஆணியில் தொங்கும் சாவியை எடுத்துக்கொண்டு, முன்வாசல் கொட்டகையில் நிற்கும் வண்டிக்குள் போய் உட்கார்ந்துவிடுவார். ஓட்டுநர் இருக்கையில் உட்காரமாட்டார், அதற்குப் பக்கத்து இருக்கையில். உள்விளக்கைப் போட்டுக்கொண்டு காலையில் படித்த செய்தித்தாளையே மீண்டும் படிப்பார். சில நாள் வானொலி கேட்பார். ஏழு மணிக்கு இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு வருவார். எழுபத்தொன்பது வயதில் ஒரு மனிதருக்கு ஒரு மணி நேரம் தனியாக இருக்க ஓர் இடம் வேண்டும் என்பதை நான் அப்போது புரிந்துகொண்டிருக்கவில்லை. தெரு கவனிக்கிறதே என்றுதான் கவலைப்பட்டேன்.

நான் கல்லூரிக்குப் போவது ஸ்கூட்டரில். மழை நாள், மருத்துவமனை, தேவகோட்டையில் ஒரு கல்யாணம் என்றால்தான் வண்டியை எடுப்பேன். ஆகஸ்ட் மாதம் ஒரு காலையில் சாவியைத் திருப்பியபோது 'டக்' என்ற ஒற்றை ஒலி வந்தது. மீண்டும் திருப்பினேன். மீண்டும் 'டக்'. எங்கள் பக்கத்தில் இதை "செல்ஃப் எடுக்கவில்லை" என்பார்கள். (1912-இல் அமெரிக்காவில் காடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்தொடக்கி வருவதற்கு முன் எல்லாரும் முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்றித்தான் வண்டியைக் கிளப்பினார்கள். தானாகவே கிளம்பியதால் 'செல்ஃப்'. இன்று அந்தச் சொல்லில் 'தான்' மட்டும் மிஞ்சி, 'தொடக்கம்' உதிர்ந்துவிட்டது.) பேட்டரிக்கு நான்கு வயதாகியிருந்தது. இவ்வூர் வெயிலில் அது மோசமான ஆயுள் இல்லை என்று கடையில் சொன்னார்கள். பழையதைக் கொடுத்து, அதன் ஈயத்துக்கான விலையைக் கழித்துக்கொண்டு, புதியதை மாட்டிக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் முடிவதற்குள் புதியதும் அதே 'டக்'. அந்தக் கடைக்கே கொண்டுபோனேன். ஒரு நாள் வைத்திருந்து சார்ஜ் ஏற்றிச் சோதித்துவிட்டு, "பேட்டரியில ஒண்ணுமில்ல மேடம். உள்ள லைட்டை அணைக்காம விட்டிருப்பீங்க" என்று திருப்பிக் கொடுத்தார் கடைக்காரர். அவர் என்னைத்தான் சொன்னார். நான் அப்பாவை நினைத்தேன்.

அதற்குச் சான்று வேண்டாமா? நவம்பரில் ஒரு விடியற்காலை பால் பாக்கெட் எடுக்க வெளியே வந்தவள், பனிபடர்ந்த கண்ணாடிக்குள் அந்தச் சிறிய மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருப்பதைக் கண்டேன். அன்றைக்கு வண்டி கிளம்பவில்லை. ஒரே ஒரு நாள். ஆனால் அந்த ஒரு நாளை வைத்து அதற்கு முன்னும் பின்னும் நடந்த எல்லாவற்றையும் நான் விளக்கிக்கொண்டேன். பழைய ஏட்டில் ஓரிடத்தில் பிழை கண்டதும், தனக்கு விளங்காத இடங்கள் அனைத்தையும் ஏடெழுதியவன் தலையில் கட்டிவிடும் அவசரப் பதிப்பாசிரியர்களைப்பற்றி வகுப்பில் எத்தனையோ முறை ஏளனமாகப் பேசியிருக்கிறேன்.

தீபாவளிக்கு வந்திருந்த தம்பியிடம், அப்பா கூடத்தில் இருக்கும்போதே, "அப்பாவுக்கு மறதி ஜாஸ்தியாயிடுச்சு" என்று சொன்னேன். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். காது கேட்காதவர்களுக்குத்தான் குரலைத் தாழ்த்துவது பயன்படும். அப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். தம்பி ஊருக்குப் போய்த் தொலைபேசியில் ஒரு பட்டியலே வாசித்தான். பெயர் மறக்கிறாரா? ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்கிறாரா? மதுரையில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் பொங்கல் கழித்து நாள் வாங்கினோம்.

அதன்பின் நடந்ததைத்தான் என்னால் எளிதில் எழுத முடியவில்லை. அப்பா உண்மையாகவே கேட்கத் தொடங்கினார். "குளியலறை விளக்கை அணைச்சேனா?" "கேஸை மூடினேனா?" இரவு படுத்தபின் எழுந்துபோய்ச் சுவிட்சுகளைத் தடவிப் பார்ப்பார். ஒரு நாள் மாலை வண்டிக்குள் இருந்து இறங்கி உள்ளே வந்தவர், செருப்பைக் கழற்றாமல் திரும்பிப் போய்க் கண்ணாடி வழியே உற்றுப் பார்த்துவிட்டு வந்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் போனார். இவற்றையெல்லாம் நான் தம்பியின் பட்டியலில் இருந்த கேள்விகளுக்கு எதிரே 'ஆம்' என்று குறித்துக்கொண்டிருந்தேன். நாற்பது ஆண்டு வரலாறு கற்பித்தவர், தன்மேல் சாட்டப்பட்ட குற்றத்துக்குத் தானே காவல் நிற்கிறார் என்று எனக்குப் படவில்லை.

டிசம்பரில் சாவியை ஆணியிலிருந்து எடுத்து என் பீரோவில், புடவை மடிப்புக்குள், ஒரு கைக்குட்டையில் முடிந்து வைத்தேன். அப்பா ஆணியைப் பார்த்தார். எங்கே என்று கேட்கவில்லை. மாலை ஆறு மணிக்குத் திண்ணையில் உட்காரத் தொடங்கினார்.

மார்கழியில் ஒரு திங்கட்கிழமை வண்டியை எடுத்து ஓட்டிவிட்டு வந்து, சாவியை மறுபடி முடிந்து வைத்தேன். வியாழக்கிழமை காலை அவசரமாகப் போகவேண்டியிருந்தது. திருப்பினேன். 'டக்'.

அப்போது என் மனத்தில் முதலில் எழுந்த எண்ணம் இது: இவர் எப்படியோ சாவியைக் கண்டுபிடித்துவிட்டார். கைக்குட்டையின் முடிச்சு அன்று காலை நான் போட்டபடியே இருந்ததா என்று யோசித்துக்கொண்டு சில நிமிடங்கள் கொட்டகையிலேயே நின்றேன். நான் போட்டபடியேதான் இருந்தது. இடப்பக்கம் இரட்டை முடிச்சு. அப்பா அப்படிப் போடமாட்டார். மூன்று நாளும் அந்த வண்டிக்குள் எவரும் நுழையவில்லை.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். அறுபது வயதிருக்கும். பலகை கிடையாது. தேடிப்போய் அழைத்தேன். மொபெட்டில் ஒரு கித்தான் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். காரைக்குடியில் இருப்பவர்களுக்கு மின்வேதியியல் ஆய்வகத்தைச் சொல்லவேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்டது. மின்கல ஆராய்ச்சிக்கென்றே பெயர் பெற்ற அந்த வளாகத்தை நான் தினமும் ஸ்கூட்டரில் கடக்கிறேன். உள்ளே என்ன செய்கிறார்கள் என்று இருபது ஆண்டுகளில் ஒருநாளும் கேட்டதில்லை. இவர் இளவயதில் அங்கே பணியாற்றிய ஒருவரிடம் கேட்டுக் கேட்டுத்தான் ஆசிட் விவரங்களைக் கற்றுக்கொண்டாராம்.

வந்தவர் பானட்டைத் திறக்கவில்லை. ஹெட்லைட்டைப் போடச் சொன்னார். பிறகு சாவியைத் திருப்பச் சொன்னார். விளக்கு மங்கி, ஏறக்குறைய அணைந்து, விட்டதும் மீண்டது. "லைட்டு பளிச்சுனு நின்னு வண்டி சுத்தலைன்னா செல்ஃப் மோட்டார் பக்கம் போகணும். லைட்டு படுத்துச்சுன்னா பேட்டரி, இல்லைன்னா ஒயரு. இது படுக்குது" என்றார். அதன்பிறகுதான் பானட். இணைப்பு முனைகளைப் பார்த்தார். ஒன்றில் வெண்பச்சையாகப் பூத்திருந்தது. கொதிநீர் கேட்டு வாங்கி ஊற்றிக் கரைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, துடைத்து, முறுக்கினார். சாவியைத் திருப்பினால் மறுபடி 'டக்'. இத்தோடு முடிந்துவிடுமோ என்று ஆசைப்பட்ட எனக்கு ஏமாற்றம். அவருக்கு இல்லை.

மல்டிமீட்டரை வைத்தார். 11.8. நிறைய சார்ஜ் உள்ள பேட்டரி ஓய்வில் 12.6 காட்டவேண்டும். 12.2 என்றால் பாதி. 11.8 என்றால் அநேகமாகக் காலி. பார்ப்பதற்கு முக்கால் வோல்ட்டு வித்தியாசம்தான்; பன்னிரண்டில் பதினொன்றேமுக்கால் இருக்கிறதே என்று நம்மைப்போன்றவர்கள் திருப்தியடைவோம். அடுத்து ஆறு மூடிகளையும் கழற்றி, கண்ணாடிக் குழாயாலான ஹைட்ரோமீட்டரை ஒவ்வொன்றிலும் இறக்கி ஆசிட்டை உறிஞ்சிப் பார்த்தார். நிறைந்த கலத்தில் அமிலத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல் ஏறத்தாழ 1.25 மடங்கு இருக்கும். மின்சாரம் செலவாகச் செலவாக அமிலத்தின் கந்தகம் ஈயத் தகடுகளில் போய்ப் படிந்துகொள்ள, மீதி தண்ணீராகிக்கொண்டே வரும். ஆறிலும் ஏறத்தாழ 1.13 என்றே காட்டியது.

அவர் முகம் மலர்ந்தது. "ஆறும் ஒண்ணுபோல இறங்கியிருக்கு, பாத்தீங்களா? ஒரு செல்லு மட்டும் இறங்கியிருந்தா அந்த செல்லு செத்துப்போச்சு, பேட்டரிய மாத்துங்கன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன். இது நோய் இல்ல டீச்சர். யாரோ குடிக்கிறாங்க."

இந்த இடத்தில் எல்லாத் தமிழாசிரியர்களும் எந்தக் குறளைச் சொல்வார்கள் என்பது வாசகர்களுக்குத் தெரியும். ஆகவே சொல்லாமல் விடுகிறேன். நோய் வேறு, அதன் முதல் வேறு என்று பரீட்சைக்குப் பத்து மதிப்பெண் வினாவாக நான் கற்பித்துவந்ததை அவர் ஆசிட் படிந்த விரல்களால் செய்துகொண்டிருந்தார் என்பதை மட்டும் சொல்லிவிடலாம்.

பேட்டரியைக் கழற்றிக் கொண்டுபோய் இரவு முழுதும் மெதுவாகச் சார்ஜ் ஏற்றி மறுநாள் காலை கொண்டுவந்தார். வேகமாக ஏற்றக்கூடாதாம். "பட்டினி கெடந்தவனுக்கு பிரியாணியா குடுப்பீங்க?" இப்போது 12.7. வண்டி ஒரே சுற்றில் கிளம்பியது. சுற்றும்போது மீட்டரைப் பார்த்துக்கொண்டேயிருந்தார், 10.3-க்குக் கீழே இறங்கவில்லை. ஒன்பதரைக்குக் கீழே விழுந்தால்தான் பேட்டரியைச் சந்தேகிக்கவேண்டும் என்றார். வண்டி ஓடும்போது 13.7. பேட்டரியின் எதிர்முனையிலிருந்து வண்டி உடம்புக்குப் போகும் எர்த் ஒயரையும் அளந்தார். பழைய வண்டிகளில் பாதி வழக்கு அங்கேதான் முடியுமாம். இங்கே முடியவில்லை.

எல்லாம் சரியாக இருக்கிறது, எல்லாரும் குற்றமற்றவர்கள் என்ற நிலையில் அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு, "அய்யா வீட்ல இல்லையா?" என்று கேட்டார். அப்பா பள்ளியில் அவருடைய அண்ணன் படித்திருக்கிறார் போலிருக்கிறது. அப்பா சன்னலுக்கு உட்புறம்தான் நின்றுகொண்டிருந்தார். முதல் நாளும் அங்கேதான் நின்றார் என்பது எனக்குத் தெரியும்.

"அய்யா, கொஞ்சம் வந்து உள்ள பாத்துச் சொல்லுங்க. லைட்டு ஏதும் எரியுதா?"

இதை அவர் விவரம் தெரிந்து சொன்னாரா, இயல்பாகச் சொன்னாரா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவரிடம் எங்கள் வீட்டுக் கதை எதையும் நான் சொல்லியிருக்கவில்லை. அப்பா இறங்கி வந்தார். நான்கு கண்ணாடிகள் வழியாகவும் பார்த்தார். உள்விளக்கை விரலால் தொட்டுப் பார்த்தார். சுவிட்சு நிறுத்திய நிலையில் இருப்பதைக் குனிந்து பார்த்தார். தேர்வு அறையில் கேள்வித்தாள் கட்டைப் பிரிப்பதற்கு முன் முத்திரையைச் சரிபார்க்கிறவரைப்போல் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு, "எரியல" என்றார்.

எலக்ட்ரீஷியன் பேட்டரியின் எதிர்முனை ஒயரைக் கழற்றி, முனைக்கும் ஒயருக்கும் நடுவே, இரண்டு ஒயர் கட்டிய ஒரு சிறிய பல்பை வைத்தார். வண்டியில் எதுவும் மின்சாரம் இழுக்கவில்லையென்றால் அந்தப் பல்பு இருண்டு கிடக்கவேண்டும். அது எரிந்தது. மங்கலாகத்தான். பகல் வெளிச்சத்தில் அவர் உள்ளங்கையைக் குவித்து மறைத்தபின் நாங்கள் மூவரும் குனிந்து பார்த்தோம். உள்ளங்கைக்குள் ஒரு மின்மினி.

பிறகு பல்பை எடுத்துவிட்டு மீட்டரை வைத்தார். 0.42 ஆம்பியர். நிறுத்திவைத்த வண்டி இழுக்கக்கூடியது அதிகபட்சம் 0.05, இவ்வளவு பழைய வண்டியில் அதுவும் அதிகம் என்றார். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஒவ்வொன்றுக்கும் அப்பா மீட்டரைப் பார்த்து எண்ணைப் படித்தார். 0.42. 0.42. ஓரிடத்தில் 0.41 ஆனது; அது வானொலிப் பெட்டி தன் நிலையங்களை நினைவில் வைத்துக்கொள்ள இழுப்பது. ஃபியூஸ்கள் தீர்ந்தன. எண் அசையவில்லை.

"ஃபியூஸ் இல்லாம நேரா போற ஒயரு ஒண்ணு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே எதிர்முனையைக் கழற்றி வைத்துவிட்டு, எஞ்சினின் பக்கவாட்டில் குனிந்து ஒரு கனத்த ஒயரைக் கழற்றி ரப்பர் துண்டால் சுற்றினார். மறுபடி மீட்டரை இணைத்தார். அப்பா படித்தார்: "0.01."

கழற்றிய ஒயர் ஆல்டர்னேட்டருடையது. பட்டறைகளில் இன்னும் அதை டைனமோ என்றுதான் சொல்கிறார்கள். டைனமோ போய் அரைநூற்றாண்டு ஆகப்போகிறது. பொருள் மாறியபின்னும் சொல் இடத்தைக் காலி செய்யாமல் இருப்பதற்கு மொழியியலார் இதை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஆல்டர்னேட்டர் எஞ்சினால் சுழன்று மாறுமின்னோட்டத்தை உண்டாக்கும். பேட்டரிக்கோ ஒரே திசையில் பாயும் மின்சாரம்தான் ஏறும். ஆகவே நடுவில் டயோடுகள் என்னும் ஒருவழிக் கதவுகளை ஒரு தட்டில் பதித்திருக்கிறார்கள்: வெளியே விடும், திரும்ப விடாது. மேல் வரிசையில் ஒன்றும் கீழ் வரிசையில் ஒன்றும் ஒருசேரப் பழுதுபட்டுக் கசியத் தொடங்கினால், பகலில் தான் ஊட்டியதை ஆல்டர்னேட்டர் இரவில் திரும்ப வாங்கிக்கொள்ளும். மீதிக் கதவுகள் வேலை செய்வதால் வண்டி ஓடும்போது பெரிதாக எதுவும் தெரியாது. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியிருக்கும் என்றார். நான்கு வயதில் ஆகஸ்டில் செத்த பழைய பேட்டரியையும் அநேகமாக இதுதான் கொன்றிருக்கும். காலியாகக் கிடக்கும் கலத்தில் ஈயத் தகடுகளின் மேல் படிந்த உப்பு இறுகிக் கெட்டியாகிவிடுகிறது. அதன்பின் எவ்வளவு ஏற்றினாலும் ஏறாது.

எனக்கு நம்பிக்கை வரவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, எல்லாவற்றையும் பழையபடி மாட்டிவிட்டு, "ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன்" என்று போனார். முக்கால் மணி நேரம் கழித்து வந்து, "எஞ்சின் ஆறிப்போச்சு. பக்கத்து இரும்பைத் தொடுங்க. இப்ப டைனமோவத் தொடுங்க" என்றார். மார்கழிக் காலையில் சுற்றிலும் எல்லாம் சில்லென்று இருந்தது. ஆல்டர்னேட்டர் மட்டும் இளஞ்சூடாக இருந்தது. அப்பாவும் தொட்டார். கையை உடனே எடுக்கவில்லை.

அவர் போனபின் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 0.42 ஆம்பியரைப் பன்னிரண்டால் பெருக்கினால் ஐந்து வாட். வண்டிக்குள் இருக்கும் சிறு விளக்கு ஒன்று இழுக்கக்கூடியது ஏறத்தாழ அவ்வளவுதான். 35 ஆம்பியர்-மணி பேட்டரியை அது மூன்றரை நாளில் தீர்த்துவிடும். திங்கள் காலையிலிருந்து வியாழன் காலைவரை மூன்று நாள். ஆக, யாரோ உள்விளக்கை அணைக்காமல் விட்டதுபோல்தான் எல்லாம் நடந்திருக்கிறது. அளவுகூடப் பிசகவில்லை. கடைக்காரர் சொன்னது தவறான ஊகமும் அன்று. விளக்கு எரிந்தது உண்மை. எந்த விளக்கு என்பதில்தான் பிழை. இதை எனக்கு நானே ஒரு சமாதானமாகச் சொல்லிக்கொண்டேன் என்பதையும் பதிவு செய்துவிடவேண்டும்.

டயோடு தட்டை மாற்ற மறுநாள் 1,400 ரூபாய் ஆயிற்று, கூலியோடு. (பேட்டரி என்ற சொல்லைப்பற்றியும் இங்கே ஒன்று. 18-ஆம் நூற்றாண்டில் பெஞ்சமின் பிராங்ளின் மின்சாரத்தைச் சேமிக்கும் கண்ணாடிக் குடுவைகளை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு, பீரங்கி வரிசையின் பெயரை அதற்கு இட்டார். நம் கலைச்சொல்லாளர்கள் பீரங்கியை விட்டுவிட்டு, கலத்தையும் அடுக்கையும் எடுத்துக்கொண்டு 'மின்கல அடுக்கு' என்றார்கள். தமிழில் வைத்த பெயரே பொருளுக்கு நெருக்கமானது. நல்ல மொழிபெயர்ப்பைப் பாராட்டக் கிடைக்கும் சந்தர்ப்பங்கள் குறைவு என்பதால் சொல்கிறேன்.)

மன்னிப்புக் கேட்டேனா என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அந்த வழக்கம் கிடையாது. சாவியைக் கைக்குட்டையிலிருந்து அவிழ்த்து, பழைய ஆணியில் மாட்டினேன். அன்றிரவு சாப்பிடும்போது அப்பா, "நவம்பர்ல ஒரு நாள் நான் அணைக்காம விட்டது நெசந்தாம்மா" என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் ரசம் ஊற்றினேன். சற்று நேரம் கழித்து, "ஒரு நாள்தான்" என்றார்.

தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னபோது சிரித்தான். பிறகு, "அதுக்காக டாக்டர்கிட்ட போகாம இருக்கணுமா அக்கா?" என்று கேட்டான். அது நியாயமான கேள்வி. மதுரை மருத்துவரிடம் வாங்கிய நாளைத் தள்ளிவைத்தேன். ரத்துச் செய்யவில்லை.

அப்பா மறுபடியும் மாலை ஆறு மணிக்கு வண்டிக்குள் உட்காரத் தொடங்கப் பத்து நாளுக்குமேல் ஆயிற்று. அதற்குள் ஒரு நாள் தனியாகக் கடைத்தெருவுக்குப் போய், மின்சாமான் கடையில் ஒரு சிறிய மல்டிமீட்டர் வாங்கி வந்திருந்தார். மஞ்சள் நிறம். எண்களைப் படிக்க மூக்குக்கண்ணாடியைக் கழற்றவேண்டியிருந்தது. காலையில் நான் கல்லூரிக்குக் கிளம்பும் பரபரப்பில் பானட் திறக்கும் ஒலி கேட்கும், மூடும் ஒலி கேட்கும். தை மாதம் போய் மாசியும் வந்துவிட்டது. வண்டி ஒருநாளும் மறுக்கவில்லை.

சென்ற வாரம் சோடாபுட்டிக் கண்ணாடியின் உறையைத் தேடி வண்டியின் முன்பெட்டியைத் திறந்தேன். உள்ளே மல்டிமீட்டரும் ஒரு நாற்பது பக்க நோட்டும் இருந்தன. பள்ளிப் பதிவேடுகளில் போடுவதுபோல் அடிமட்டம் வைத்துக் கோடிட்டிருந்தார். நாள், நேரம், வோல்ட், உள்விளக்கு, கையொப்பம் என்று ஐந்து பத்திகள். 12.63. 12.61. 12.62. நான்காவது பத்தி நெடுகிலும் 'அணைந்துள்ளது', 'அணைந்துள்ளது' என்று அதே சாய்வில்லாத எழுத்து. ஐந்தாவது பத்தியில் ஒவ்வொரு வரிக்கும் அவருடைய சுருக்கொப்பம்.

பக்கத்தைப் புரட்டினேன். பிப்ரவரி 11-ஆம் தேதிக்கு நேரே காலை 7.10, 12.61, அணைந்துள்ளது, கையொப்பம். அதற்கு அடுத்த வரியிலும் பிப்ரவரி 11, காலை 7.10, 12.61, அணைந்துள்ளது, கையொப்பம். அடித்துத் திருத்தியதாக எதுவும் இல்லை. அடுத்த வரி 12-ஆம் தேதி என்று ஒழுங்காகத் தொடர்ந்தது.

நோட்டை மூடி, மேலே மல்டிமீட்டரை அவர் வைத்திருந்தபடியே சிவப்பு ஒயர் வெளிப்பக்கம் வருமாறு வைத்துவிட்டு, பெட்டியைச் சாத்தினேன். இறங்குவதற்கு முன் அண்ணாந்து உள்விளக்கை ஒருமுறை பார்த்தேன்.